நாடி பார்க்கும் கடிகாரத்துக்கு முத்திரை எங்கே?

சிதம்பரத்தில் நடராஜப் பெருமானின் சிற்சபைக்கு மேல் வேய்ந்திருக்கும் பொன்னோடுகள் 21,600 என்றும், ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கையே அவ்வோடுகளின் கணக்கென்றும், அவற்றைப் பிணைக்கும் 72,000 ஆணிகளும் சரீரத்தில் ஓடும் நாடிகளின் தொகையென்றும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். நாடிகளின் தொகையைப் பற்றிய சாஸ்திர விசாரத்துக்குள் நான் புகவில்லை. மூச்சின் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, 21,600 என்னும் தொகையை ஒரு நாளின் 1,440 நிமிஷங்களால் வகுத்துப் பார்த்தால், நிமிஷத்துக்கு 15 என்று விடை வருகிறது. ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதன் நிமிஷத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவான் என்று இன்றைய வைத்திய நூல்கள் வகுத்திருக்கும் எல்லைக்குள்ளேயே அந்த 15 அமைந்திருப்பதைக் காணும்போது, யந்திரம் ஏதுமில்லாத காலத்தில் பொறுமையோடு எண்ணிப் பார்த்து ஒரு பிரமாணத்தை நிறுவிய பெரியோர்களிடத்தில் நமக்கு மரியாதை உண்டாகிறது.

இன்று எண்ணுகிற வேலையை நாம் யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டோம். விடியற்காலையில் கடலூர் தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சிலோ, அண்ணா விளையாட்டரங்கத்தின் ஓடுபாதையிலோ, மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றியோ, அண்ணாமலை நகரின் மரநிழல் சாலைகளிலோ நடந்து செல்கிறவர்களைக் கவனித்தால், பத்தடிக்கு ஒரு தரம் மணிக்கட்டைத் திருப்பி ஒரு சிறு திரையைப் பார்த்துக்கொள்ளாதவர்களைக் காண்பது அரிதாகி வருகிறது. எத்தனை அடி நடந்தோம், இருதயம் நிமிஷத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது, எத்தனை கலோரி கரைந்தது என்று அந்தத் திரை சொல்கிறது. சொல்வதை மெய்யென்று கொண்டு, நடையைக் கூட்டுவோரும் குறைப்போரும், வீட்டுக்குத் திரும்பியதும் அதற்கேற்ப ஆகாரத்தைத் தீர்மானிப்போரும் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். அந்த எண் எந்த அளவுக்கு மெய்யானது, அதை மெய்யென்று நமக்கு உறுதி கூறியவர் யார் என்னும் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகிறேன்.

இதை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறை 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதையைக் குறித்து, மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்கே மருத்துவ முகாம் நடத்துவதென்றும் அறிவித்தது. எட்டு கிலோமீட்டர் என்பது சுமார் பதினாயிரம் அடிகள். அந்தப் பதினாயிரம் என்ற இலக்கும் ஆதியில் வைத்தியர் எவரும் ஆராய்ந்து விதித்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த மறு வருஷம், 1965-இல், யமாசா என்னும் ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஓர் அடியளவைக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, 'பதினாயிரம் அடி அளக்கும் மானி' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்ததிலிருந்து உலகெங்கும் பரவிய எண் அது. நல்ல எண்தான், அதனால் நடப்பவர்களுக்குத் தீங்கில்லை. ஆனால் ஒரு கருவியின் விற்பனைக்காகப் பிறந்த எண், அறுபது ஆண்டுகளுக்குள் அரசாங்கத் திட்டங்களுக்கே அளவுகோலாகிவிடக் கூடுமென்றால், கருவிகள் சொல்லும் எண்களை நாம் எத்தனை கவனத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை யோசிக்கத்தான் வேண்டும்.

அடிகளின் எண்ணிக்கையில் ஐந்நூறு கூடினாலும் குறைந்தாலும் ஒரு நஷ்டமும் இல்லை. இருதயத் துடிப்பின் சங்கதி வேறு. மாரடைப்பு வந்து தேறியவரிடம், 'நாடி நிமிஷத்துக்கு 110-ஐத் தாண்டாமல் நடங்கள்' என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகும் மாணவியிடம், 'இந்த வாரம் முழுவதும் 140-க்குள் ஓடு' என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கலாம். அவர்கள் நம்பியிருப்பது மணிக்கட்டில் தெரியும் அந்த ஒற்றை எண்ணைத்தான். உண்மையில் 130 துடிக்கும்போது கருவி 105 என்று காட்டினால் முன்னவருக்கு அபாயம். 135 துடிக்கும்போது 165 என்று காட்டினால் பின்னவளுடைய பயிற்சி பாழ்.

நாடியைக் காலத்தோடு ஒப்பிட்டு எண்ணும் வழக்கத்தை ஐரோப்பாவில் வேரூன்றச் செய்தவர்களுள் முக்கியமானவர் சர் ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கிலேய வைத்தியர். ஒரு நிமிஷம் மட்டும் ஓடி நின்றுவிடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதைக்கொண்டு நாடி எண்ணும் முறையை 1707-இல் அவர் ஒரு நூலாக வெளியிட்டார். நம் சித்த வைத்தியர்களோ எண்ணிக்கையைக் காட்டிலும் நடையைக் கவனித்தார்கள். மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் கதியை உணர்ந்து நோயை நிதானித்தார்கள். இருவகையாரும் தொட்டறிந்தது ஒன்றைத்தான்: இருதயம் சுருங்கும்போது இரத்தக் குழாயில் எழுந்து வரும் அலை. இன்றைய கைக்கடிகாரம் அந்த அலையைத் தொட்டு அறிவதில்லை, ஒளியால் பார்க்கிறது. கடிகாரத்தைக் கழற்றிப் புரட்டினால் அதன் அடிப்புறத்தில் பச்சை விளக்குகள் மினுமினுப்பது தெரியும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே இருதயம் துடித்து மணிக்கட்டில் இரத்தம் பெருகும் க்ஷணத்தில் திரும்பி வரும் ஒளி குறையும், வடியும் க்ஷணத்தில் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை ஓர் உணரி அளக்க, உள்ளேயிருக்கும் கணக்கு முறை அதிலிருந்து துடிப்பை ஊகித்துத் திரையில் எழுதுகிறது. ஊகித்து என்று நான் சொல்வது தெரிந்தேதான். ஏனென்றால் திரும்பி வரும் ஒளியில் இரத்தத்தின் அசைவு மிகச் சிறிய பங்கு, கையின் அசைவோ அதைவிடப் பன்மடங்கு பெரிய பங்கு.

மார்பில் கட்டும் பட்டை வேறு ஜாதி. அது ஒளியை நம்புவதில்லை. இருதயத்தின் மின்சாரத்தையே கேட்கிறது. டச்சு விஞ்ஞானி ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருதயத்தின் மின்னலைகளைத் துல்லியமாக வரைந்துகாட்டும் கருவியைச் சமைத்து 1924-இல் நோபல் பரிசு பெற்றார். ஆஸ்பத்திரியில் நமக்கு எடுக்கப்படும் ஈ.சி.ஜி. அவர் வழி வந்தது. ஃபின்லாந்தின் ஊலூ நகரத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சாய்னாயாகாங்கஸ், பனிச்சறுக்கு வீரர்கள் ஓடும்போதே தம் துடிப்பை அறிந்துகொள்ள ஒரு வழி வேண்டுமென்று முயன்று, போலார் என்ற கம்பெனியை 1977-இல் நிறுவி, 1980-களின் தொடக்கத்தில் மார்புப் பட்டையிலிருந்து கம்பியில்லாமல் கைக்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் கருவியை வெளியிட்டார். இன்று பல கம்பெனிகள் செய்யும் மார்புப் பட்டைகள் யாவும் அதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. ஒவ்வொரு துடிப்பின்போதும் எழும் கூர்மையான மின்னலையை அவை ஒன்றொன்றாக எண்ணுவதால், கை எப்படி ஆடினாலும், கால் எத்தனை வேகமாக ஓடினாலும், அவற்றின் கணக்கு பெரும்பாலும் பிசகுவதில்லை.

மணிக்கட்டுக் கருவி எங்கே பிசகுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அண்ணா விளையாட்டரங்கத்தில் நிதானமாக ஓடும் ஒருவர் நிமிஷத்துக்குச் சுமார் 165 அடி வைக்கிறார் என்று கொள்வோம். ஒவ்வோர் அடிக்கும் கை ஒரு தரம் குலுங்குகிறது. கடிகாரம் தோலின்மேல் சிறிது நகர்கிறது. திரும்பி வரும் ஒளியில் நிமிஷத்துக்கு 165 என்ற ஒழுங்கான ஏற்ற இறக்கம் உண்டாகிறது. கடிகாரத்தின் கணக்கு அதையே இருதயத் துடிப்பென்று பற்றிக்கொள்கிறது. ஓடுகிறவர் நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் 132 வருகிறது. திரையோ 165-ஐ விட்டு இறங்க மறுக்கிறது. ஓட்டக்காரர்கள் இதைக் 'கேடன்ஸ் லாக்' என்று சொல்லுவார்கள். பழகாதவருக்கு இது தெரியாது. தம் இருதயம் பலவீனமென்று அவர் கவலை கொள்வார். மற்றொரு வகைப் பிசகு, வேகத்தைத் திடீரென்று கூட்டிக் குறைக்கும் பயிற்சிகளில் நேர்வது. சடுகுடு ஆடும் பையன் எதிரணிக் களத்தில் பாடி ஏறித் திரும்பும் அரை நிமிஷத்துக்குள் அவனுடைய துடிப்பு விர்ரென்று ஏறி, கோட்டைத் தொட்டதும் இறங்கத் தொடங்கிவிடும். பல மணிக்கட்டுக் கருவிகள் பல விநாடிகள் பின்தங்கியே அதைத் தொடருகின்றன. தண்டால் எடுக்கும்போதும், இரும்புக் குண்டு தூக்கும்போதும் மணிக்கட்டின் தசைநார்கள் இறுகி இரத்த ஓட்டம் மாறுவதால் எண் கண்டபடி அலையும்.

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார், மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளை 60 பேருக்கு மாட்டி, ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டுப் பரிசோதித்தார்கள். ஏழில் ஆறு கருவிகள் இருதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் அளந்தன. அசையாத சைக்கிளை மிதிக்கும்போது பிழை மிகக் குறைவாகவும், நடக்கும்போது அதிகமாகவும் இருந்தது. நடப்பதற்காகவே இக்கருவிகளை வாங்கும் நம் ஊர்க்காரர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தார் 53 பேரிடம் நடத்திய சோதனையில், ஓய்வின்போது நேரும் பிழையைக் காட்டிலும் அசையும்போது நேரும் பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகமென்று கண்டார்கள். தோலின் நிறத்தைப் பற்றி மட்டும் இரண்டு சோதனைகளும் ஒத்துப்போகவில்லை. தோலுக்குக் கருமையைத் தரும் மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பது பௌதிக உண்மை. கருத்த தோலில் பிழை கூடுகிறது என்று ஸ்டான்ஃபோர்ட் கூறியது. அவ்வாறு பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்று டியூக் கூறியது. வெயிலில் காய்ந்த நம் தோல்மேல், ஏப்ரல் மாதத்துக் கடலூரின் புழுக்கத்தில், வியர்வை வழிந்து பட்டை வழுக்கும் கையில், இந்தக் கருவிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அந்த இரண்டு சோதனைகளில் எதைக்கொண்டும் தீர்மானிக்க இயலாது. நம் ஊரில், நம் மக்கள்மேல் வைத்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும்.

புழுக்கத்தைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடலைக் குளிரவைப்பதற்காக இருதயம் தோலை நோக்கி அதிக இரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே ஜனவரியில் ஒரு வேகத்தில் நடந்தபோது 110 என்று துடித்த அதே இருதயம், மே மாதத்தில் அதே வேகத்தில் நடக்கும்போது அதைவிடக் கூடுதலாகத் துடிப்பது இயற்கை. இங்கே கருவியின்மேல் பழியில்லை. எண் உயர்ந்ததைக் கண்டு கருவி கெட்டுவிட்டதென்று அலட்சியம் செய்வதும், தேகபலம் குன்றிவிட்டதென்று மனம் சோர்வதும் தவறு. நடையைக் குறைத்து, நிழலில் நின்று, தண்ணீர் குடிப்பதே அந்த எண் நமக்குச் சொல்லும் புத்தி.

கலோரிக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே ஸ்டான்ஃபோர்ட் சோதனையில் ஆகச் சிறந்த கருவி சராசரியாக 27 சதவீதமும், ஆகக் கீழான கருவி 93 சதவீதமும் தவறின. காலையில் நானூறு கலோரி கரைந்ததென்று கடிகாரம் சொன்னதை நம்பி, அதற்கீடாகச் சம்பா சாதமும் கத்திரிக்காய்க் கொத்சும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்கிறவர் ஆதாரமில்லாத கணக்கில் சாப்பிடுகிறார். கொத்சு சிதம்பரத்தின் பெருமை. அதை ருசிக்காகச் சாப்பிடலாம், கடிகாரத்தின் அனுமதியின்பேரில் சாப்பிட வேண்டாம்.

என் மனத்தை மிகவும் வருத்துவது இதுவொன்றுமன்று. சிதம்பரத்தின் தேரோடும் வீதி ஒன்றில், ஒரு கைப்பேசிக் கடையில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் கைக்கடிகாரம் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, இதுல பிரஷரும் வரும், சுகரும் வரும். ஊசி குத்தவே வேண்டாம், கையில கட்டினா போதும்" என்றார் கடைக்கார இளைஞர். "நெசமாவா தம்பி? மாசாமாசம் ரத்தம் கொடுக்கிற செலவு மிச்சம்தானே" என்று பெரியவர் மகிழ்ச்சியோடு பணத்தை எண்ணினார். அந்த இளைஞருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பெட்டியின்மேல் அச்சிட்டிருந்ததையே அவர் சொன்னார். ஆனால் தோலைத் துளைக்காமல் இரத்தத்தின் சர்க்கரையைத் தானே அளந்து சொல்லும் கைக்கடிகாரமோ மோதிரமோ எதற்கும் தாங்கள் அனுமதி வழங்கியதில்லை என்றும், அத்தகைய கருவிகளைப் பிரயோகிக்க வேண்டாம் என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் அந்தப் பொய்யான எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் சில மணி நேரத்துக்குள் நினைவிழக்கக் கூடும். உயிருக்கே ஆபத்து நேரலாம். இரத்த அழுத்தமும் ஏறக்குறைய அப்படித்தான். கையில் காற்றுப் பையை இறுக்கி அளக்கும் கருவியோடு முதலில் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளாமல், பச்சை விளக்கை மட்டும் காட்டி அழுத்தம் சொல்லும் மலிவுக் கருவியின் எண்ணை மருந்துச் சீட்டுக்கு ஆதாரமாக்குவது பெருந்தவறு. சர்க்கரை காட்டும் என்று பெட்டியின்மேல் எழுதியிருக்கும் கருவியை, அதன் மற்ற அளவுகள் எத்தனை நன்றாயிருப்பினும், வாங்காதீர்கள் என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். ஒன்றில் துணிந்து பொய் சொல்கிறவன் மற்றொன்றில் மெய் சொல்வான் என்று நம்புவதற்கு நியாயமில்லை.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? நடைப்பயிற்சி மட்டும் செய்கிறவர், நோயொன்றும் இல்லாதவர், ஏதேனும் ஒரு நல்ல பெயருள்ள கம்பெனியின் சாதாரண மணிக்கட்டுப் பட்டையை வாங்கிக்கொள்ளலாம். அவருக்கு அது போதும். ஓய்வு நேரத் துடிப்பையும் உறங்கும்போதுள்ள துடிப்பையும் அக்கருவிகள் நன்றாகவே அளக்கின்றன. அந்த எண் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து வருவதைக் காண்பது, நடை பயனளிக்கிறது என்பதற்கு நல்ல அத்தாட்சி. ஓட்டப் பந்தயத்துக்கும் ஆட்டங்களுக்கும் தயாராகிறவர் மார்புப் பட்டைதான் வாங்க வேண்டும். அது உறுத்துகிறது என்பவர், மேற்கையில் கட்டும் ஒளிக் கருவியை வாங்கலாம், ஏனெனில் மேற்கையில் சதைப்பற்று அதிகம், குலுக்கல் குறைவு. மார்புப் பட்டையிலிருந்து செய்தியை ஏற்றுக்கொள்ளும் வசதி தம் கடிகாரத்திலோ கைப்பேசியிலோ உண்டா என்பதை வாங்குமுன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விலையுயர்ந்த கடிகாரம் வாங்கிய பிறகு அந்த வசதி இல்லையென்று அறிந்து வருந்துவதில் லாபமில்லை. இருதய நோயாளிகளும், பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கடைக்காரரைக் கேட்குமுன் தம் வைத்தியரைக் கேட்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கென்று அட்டெனலால், மெட்டோபுரோலால் முதலிய மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை: அம்மாத்திரைகள் துடிப்பையே அடக்கி வைப்பவை, ஆகையால் 220-இலிருந்து வயதைக் கழித்து வருவதே உச்சத் துடிப்பு என்று கடிகாரங்கள் வகுத்துத் தரும் எல்லைகள் அவர்களுக்குப் பொருந்தா. அந்தச் சூத்திரமே 1971-இல் சில பழைய ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் குத்துமதிப்பாகக் கூறப்பட்டதுதான். 2001-இல் தனாகா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் திருத்திய சூத்திரத்தின்படி, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்க வேண்டும். நாற்பது வயதினருக்கு இரண்டும் 180 என்றே விடை தரும். எழுபது வயதினருக்கோ பழைய கணக்கு 150 என்றும் புதியது 159 என்றும் சொல்லும்.

எதை வாங்கினாலும் அதைத் தாமே ஒரு தரம் பரீட்சித்துப் பார்ப்பது அவசியம். அதற்கு வேண்டிய உபகரணம் நம் கையிலேயே இருக்கிறது. ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மறு கையின் கட்டைவிரல் அடியில் வைத்து, அரை நிமிஷம் எண்ணி இரட்டித்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலால் பார்த்தால் அதன் சொந்த நாடியே தட்டுப்பட்டு ஏமாற்றும். துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் முழு நிமிஷமும் எண்ண வேண்டும். ஒழுங்கின்மை நீடித்தால் எண்ணுவதை விட்டுவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். பிறகு பத்து நிமிஷம் வேகமாக நடந்து, நின்றவுடனே தாமதியாமல் கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்கிப் பார்க்க வேண்டும். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். விரலின் கணக்குக்கும் திரையின் எண்ணுக்கும் நாலைந்து வித்தியாசம் இருந்தால் பாதகமில்லை. இருபது முப்பது இருந்தால், மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரற்கடை மேலே தள்ளி, ஆடாதபடி பட்டையை இறுக்கிக் கட்டி, அடிப்புறக் கண்ணாடியை வியர்வையும் எண்ணெயும் போகத் துடைத்து, மறுபடியும் பார்க்கலாம். அப்போதும் திருந்தாத கருவியை, தவணைக்குள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. மார்புப் பட்டைக்காரர்கள் கட்டுமுன் அதன் மின்முனைகளை நீரால் நனைத்துக்கொள்ள மறவாதிருக்க வேண்டும். உலர்ந்த பட்டை முதல் சில நிமிஷம் உளறும். கடலூரின் உப்புக் காற்றுக்கும் வியர்வைக்கும் அந்தப் பட்டை சீக்கிரமே கெடும். பயிற்சி முடிந்த உடனே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வைத்தியர் ஆஸ்பத்திரியில் டிரெட்மில் பரிசோதனைக்கு எழுதித் தந்திருந்தால், அவர் சம்மதத்தோடு தம் கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு போய், ஈ.சி.ஜி. திரையின் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதைக் காட்டிலும் சிறந்த சோதனை ஒரு தனி மனிதனுக்குக் கிடைப்பதற்கில்லை.

ஆனால் எல்லாவற்றையும் தனி மனிதனின் விரல்மேல் சுமத்திவிடுவது நியாயமாகுமா? திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் கால் கிலோ கத்திரிக்காய் வாங்குகிறவர் கடைக்காரரின் தராசைத் தாமே சோதித்துக்கொண்டிருப்பதில்லை. தொழிலாளர் துறையின் அதிகாரி ஆண்டுதோறும் அந்த மின்னணுத் தராசைப் பார்த்து முத்திரை வைத்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் வாங்குகிறார். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தை ஒட்டிய விதிகளில் காய்ச்சல்மானிக்கும் இரத்த அழுத்தமானிக்குங்கூட இடமுண்டு. கத்திரிக்காயின் எடையில் பத்துக் கிராம் குறைந்தால் தட்டிக்கேட்கச் சட்டம் இருக்க, இருதயத் துடிப்பில் முப்பது தப்பினால் கேட்பாரில்லை என்ற நிலைமை இந்த தேசத்துக்குப் பொருத்தமானதன்று. 'இது பொழுதுபோக்குச் சாதனம், வைத்தியத்துக்குரியதன்று' என்று பெட்டியின் மூலையில் பொடியெழுத்தில் அச்சிட்டுவிட்டு, பெட்டியின் முகப்பில் இருதயப் படத்தையும் சர்க்கரை அளவையும் பெரிய எழுத்தில் போட்டு விற்பதை அனுமதிப்பது மக்களை ஏமாற்ற உடன்படுவதே ஆகும். முகப்பில் எதை அளப்பதாகச் சொல்கிறார்களோ, அதை எத்தனை சதவீதப் பிழையோடு, எத்தனை பேர்மேல், ஓய்வில் எவ்வளவு, ஓட்டத்தில் எவ்வளவு என்று சோதித்தார்கள் என்பதையும் அதே முகப்பில் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். இக்கருவிகளின் கணக்கு முறையை உற்பத்தியாளர்கள் தொலைவிலிருந்தே மாற்றிவிட முடிவதால், ஒரு தரம் சோதித்தது எப்போதைக்கும் போதாது. தராசுக்கு உள்ளதுபோல் மறுசோதனைக்கும் ஒரு கெடு வைக்க வேண்டும்.

மத்திய சர்க்கார் விதி செய்யும்வரை மாவட்டம் கைகட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. அதே வளாகத்தில், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக விளங்கும் ஸ்தாபனம் இருக்கிறது. ஓடுவதற்கு மாணவர்களும், ஈ.சி.ஜி. எடுப்பதற்கு வைத்தியர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இப்படிப்பட்ட வாய்ப்பு எல்லா ஊர்களுக்கும் கிட்டுவதில்லை. நம் சந்தையில் அதிகமாக விற்பனையாகும் பத்துப் பன்னிரண்டு கருவிகளை எடுத்து, மாணவர்களையும் மீனவர்களையும் ஆசிரியைகளையும் முதியோரையும் நடக்கவைத்தும் ஓடவைத்தும், மார்கழியில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் சோதித்து, முடிவுகளைப் பெயர் சொல்லித் தமிழில் வெளியிட்டால், அது ஸ்டான்ஃபோர்டும் டியூக்கும் நமக்குச் செய்ய முடியாத உபகாரம்.

அதற்கும் முன்னால், அதிகச் செலவில்லாமல், அடுத்த மாதத்து முதல் ஞாயிறன்றே தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 'நடப்போம் நலம் பெறுவோம்' நடைபாதையின் முகாமில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போட வேண்டும்; இரண்டு மார்புப் பட்டைகள், அவற்றின் எண்ணைக் காட்ட ஒரு கைப்பேசி, ஒரு கிண்ணம் தண்ணீர், பட்டைகளைத் துடைக்கக் கிருமிநாசினி, ஒரு நோட்டுப் புத்தகம், உடற்கல்வி பயிலும் மாணவரும் மாணவியும் இருவர், பெண்கள் பட்டை கட்டிக்கொள்ள ஒரு திரைமறைவு. தம் கடிகாரத்தோடு வருகிறவர் ஐந்து நிமிஷம் அங்கே உட்கார்ந்து, பத்து நிமிஷம் நடந்து வந்தால், இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக எழுதிக் கையில் கொடுத்துவிடலாம். கருவியின் பெயரையும் வித்தியாசத்தையும் மட்டும், ஆளின் பெயரில்லாமல், நோட்டில் குறித்துக்கொண்டால் ஒரு வருஷத்துக்குள் கடலூர் மாவட்டத்தின் கணக்கொன்று தானே திரண்டுவிடும். மாவட்ட ஆட்சியரும் பல்கலைக்கழக அதிகாரிகளும் இதைப் பரிசீலித்து, அந்த மேஜைக்கு வேண்டிய உத்தரவைப் பிறப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.